கோணிக் கிடங்கு மாடியில் லா, தீ, டோ

இது நடந்தது. பொய் என்று சொல்கிறவர்கள் ராயபுரத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூட மாலை நாலு மணிக்கு மேல் அந்தக் கிடங்கின் படிக்கட்டில் தனியாக ஏறிப் பார்த்தவர் இல்லை.

வருஷம் 1951. மார்ச் 18, குருத்து ஞாயிறு. பூசை முடிந்து மணி பத்தரை. அன்று எல்சிக்குத் தலைக்கேறிய கோபம் அடுத்த சனிக்கிழமை வரை இறங்கவே இல்லை.

எல்சிக்கு முப்பத்தாறு வயது. திருவொற்றியூர் தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்குகிற வேலை. நெட்டுக்குப்பத்தில் பிறந்து, லூயிஸைக் கட்டிக்கொண்டு ராயபுரத்துக்கு வந்தவள். லூயிஸ் துறைமுகத்தில் சரக்குப் படகுக் கூலி. 1944 நவம்பரில் ஒரு நாள் கப்பலிலிருந்து மூட்டை இறக்கும்போது இரும்பு வடம் அறுந்தது. கப்பலுக்கும் படகுக்கும் நடுவே விழுந்தான். உடம்பு மேலே வரவே இல்லை. கல்லறைத் திருநாளன்று தெருவே மெழுகுவத்தியும் பூவுமாகக் காசிமேட்டுக் கல்லறைக்குப் போகும். எல்சி மட்டும் வீட்டிலேயே இருப்பாள். வத்தியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அதனால் அவளுக்கு வருஷத்தில் ஒரே நாள்தான் இருந்தது. பெரிய வெள்ளி, பிற்பகல் மூன்று மணி. இயேசுவின் சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கும்போது மாதா புலம்பல் பாடுவார்கள். ஆறு வருஷமாக அதைத் தனிக்குரலில் பாடியவள் எல்சி. குப்பத்தில் சாவு வீட்டில் எப்படி அழுவார்களோ அப்படியே இழுத்து, சறுக்கி, உடைந்து பாடுவாள். வரிகள் மாதாவுடையவை. அழுகை லூயிஸுக்கு. கோவிலில் இது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இந்த வருஷம் லியோனார்ட் வந்து சேர்ந்தான்.

இருபத்துநாலு வயது. ரயில்வே குமாஸ்தா. பெங்களூரில் ஒரு பாதிரிச் சாமியாரிடம் படித்து, ஸோல்ஃபா என்கிற மேல்நாட்டு ஸ்வர முறையில் சர்டிபிகேட் வாங்கியவன். பாடகர் குழுவுக்கு அவன்தான் இனி தலைவன். கோவிலில் பாடகர் மாடத்தைக் கரையான் அரித்துவிட்டதால், பயிற்சிக்குக் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கோணிக் கிடங்கின் மாடியை இரவலாக வாங்கியிருந்தார்கள். ஒன்பது வருஷமாக மூடிக் கிடந்த மாடி. அங்கே ஒரு கரும்பலகையை மாட்டி, லியோனார்ட் எட்டு எழுத்துகளை ஏணிப்படி மாதிரி கீழிருந்து மேலாக எழுதினான்.

லா, தீ, டோ, ரே, மீ, ஃபா, ஸே, லா.

சந்தோஷப் பாட்டுக்கு டோவிலிருந்து ஏற வேண்டும் என்றான். துக்கப் பாட்டுக்கு லாவிலிருந்து ஏற வேண்டும். அதுதான் மைனர் ஸ்கேல். அதில் ஏழாவது படியைச் சாதாரண ஸோவாகப் பாடக் கூடாது. அரைப் படி தூக்கி ஸே என்று பாட வேண்டும். பெரிய வியாழன் பூசையோடு ஆர்மோனியத்தைப் பூட்டிவிடுவார்கள். மணிகூட அடிக்க மாட்டார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். வெள்ளிக்கிழமை வெறும் குரலில் நிற்க வேண்டியவர்கள் இந்த ஸ்கேலைத் தூக்கத்தில்கூடப் பிசகாமல் பாட வேண்டும் என்றான்.

ஒவ்வொருவராகப் பாடினார்கள். எல்சி முறை வந்தது. மீ வரை ஏறினாள், ஃபாவும் வந்தது. ஏழாவது படியில் குரல் தானாகவே கீழே சறுக்கி ஸோவில் போய் விழுந்தது. மறுபடி பாடச் சொன்னான். மறுபடி விழுந்தது. ஆலிஸ் என்ற பெண், சுங்கத் தரகர் ஆபீசில் டைப் அடிக்கிறவள், கைக்குட்டைக்குள் சிரித்தாள். நாலாவது தடவைக்குப் பிறகு லியோனார்ட் சுருதி பார்க்கிற தன் இசைக்கவையைப் பைக்குள் போட்டான்.

"எல்சி அக்கா, நீங்க பாடுறது பாட்டு இல்ல. ஒப்பாரி."

"மாதா அழுவற எடத்துல ஒப்பாரி வெக்காம, கச்சேரியா தம்பி வெக்கறது?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் முகம் சிவந்தது. புதன்கிழமை மாலை ஆறு மணிக்குப் பரீட்சை என்றான். ஸ்கேலை யார் சரியாகப் பாடுகிறார்களோ அவர்களுக்குத்தான் வெள்ளிக்கிழமை புலம்பல். இல்லாவிட்டால் ஆலிஸ் பாடட்டும்.

எல்சி வீட்டுக்குப் போய்ச் சோற்றுப் பானையை அடுப்பில் வைத்த வேகத்தில் பானை விண்டுபோனது. நேற்று முளைத்த பொடியன். அவனுக்கு லூயிஸ் யாரென்று தெரியுமா? ஆறு வருஷத்து அழுகையைத் தூக்கி, கைக்குட்டைக்குள் சிரிக்கிற குட்டியிடம் கொடுப்பானாம். கொடுத்துவிடுவானா? பார்க்கலாம்.

திங்கட்கிழமை கம்பெனி சங்கு மூன்று மணிக்கு ஊதியது. எல்சி கையிலிருந்த கந்தக வாசனையைக்கூடக் கழுவாமல் புறப்பட்டாள். கிடங்கு வாசலுக்கு வந்தபோது மணி நாலு. காவல்காரர் மாசானம் முக்காலியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிச் சீமை. கிடங்கு முதலாளியோடு பட்டணம் வந்து இருபது வருஷமாகிறது. தனியாகப் பாடிப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னதும் அவர் அண்ணாந்து மாடியைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில வந்து பாடேன், தாயி."

"காலைல நீ போய் எனுக்கு வேல செய்வியா?"

அவர் நகர்ந்து வழி விட்டார்.

கீழே முழுவதும் கோணிக் கட்டுகள். கூரை வரை அடுக்கியிருந்தார்கள். கோணி சத்தத்தைத் தின்றுவிடும். மரப் படிக்கட்டில் ஏறும்போது தன் காலடியே எல்சிக்குக் கேட்கவில்லை. மாடியில் ஒரே அறை. உயரத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். ஒரு பழைய பெஞ்சு. கரும்பலகை. கனமான தேக்குக் கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். கதவின் உட்புறத்தில், தரையை ஒட்டி, கட்டை செதில் செதிலாகப் பிய்ந்திருந்தது. பெருச்சாளி வேலை என்று நினைத்தாள்.

நாலு மணி பத்து நிமிஷம். கூட்ஸ் ஷெட்டில் ஒரு என்ஜின் ஊதி அடங்கியது.

பாடினாள். லா... தீ... டோ... ரே... மீ... ஃபா... ஸோ...

"ஸே."

பின்னாலிருந்து வந்தது. மெல்லிய குரல். பெண் குரல்.

எல்சி திரும்பினாள். யாருமில்லை. திறந்த கதவு. வெறும் படிக்கட்டு.

மறுபடி பாடினாள். மறுபடி ஸோவில் விழுந்தாள். மறுபடி அந்தக் குரல், இந்த முறை கொஞ்சம் கூர்மையாக... "ஸே."

எல்சிக்குப் பயம் வரவில்லை. ரத்தம் கொதித்தது. ஆலிஸ்! கைக்குட்டைக்குள் சிரித்தது போதாதென்று ஒளிந்து நின்று கேலி பண்ண வந்திருக்கிறாள். விடுவிடுவென்று படியிறங்கிக் கோணிக் கட்டுகளுக்கு நடுவே தேடினாள். மேலே வந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தாள். ஒரு ஈ காக்கை இல்லை. நாலு இருபத்திரண்டுக்குக் கிளம்பினாள். வாசலைத் தாண்டும்போது கடைசியாகக் கரும்பலகையைப் பார்த்தவள் நின்றாள்.

ஆறாவது படியில் ஃபா இல்லை. அதைக் கையால் துடைத்த தடம் இருந்தது. அதன் மேல் சின்னதாக, சாய்வாக, வேறு யாருடைய எழுத்திலோ 'பா' என்று எழுதியிருந்தது.

லியோனார்ட் சாக்கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவன். அந்த அறையில் ஒரு துண்டு சாக்கட்டி கிடையாது.

கீழே மாசானத்திடம் ஆலிஸ் வந்தாளா என்று கேட்டாள். யாரும் வரவில்லை என்றார். சொல்லும்போது அவர் எல்சியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலை குழாயடியில் எல்சி ஆலிஸைப் பிடித்துக்கொண்டாள். தெருவே கூடிவிட்டது. வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டாள். ஆலிஸ் முதலில் விழித்தாள், பிறகு அழுதாள், பிறகு அவளுக்கும் கோபம் வந்தது. ஐந்தரை மணி வரை ஆபீசில் மிஷின் தட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அதே ஆபீசில் வேலை செய்கிற பக்கத்து வீட்டு அருள்பிரகாசம் ஆமாம் என்றார்.

"உங்களுக்கு வரலைன்னா வரலைன்னு ஒத்துக்குங்க அக்கா. என் தலையில எதுக்குக் கட்டுறீங்க?"

எல்சி குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அருள்பிரகாசம் பொய் சொல்கிற ஆள் இல்லை. அப்படியானால் யார்?

யாராக இருந்தால் என்ன? நாளைக்குக் கையும் களவுமாகப் பிடித்து மயிரைக் கொத்தாக இழுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே படுத்தாள்.

செவ்வாய்க்கிழமை. நாலு மணி எட்டு நிமிஷத்துக்கு மாடி ஏறினாள். கதவை விரியத் திறந்து பெஞ்சை இழுத்து அதற்கு முட்டுக் கொடுத்தாள். எவள் வந்தாலும் அந்த வழியாகத்தானே வர வேண்டும்? கதவைப் பார்த்தபடியே நின்று பாடினாள்.

லா... தீ... டோ... ரே... மீ... ஃபா...

"பா."

குரல் கதவுப் பக்கமிருந்து வரவில்லை. காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

எல்சி சுற்றித் திரும்பினாள். அதே நொடியில் பின்னால் பெஞ்சு தரையில் தேய்கிற சத்தம். அப்புறம் கதவு மூடிக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது... டக்.

மணி நாலு பத்து.

கதவில் மோதினாள். கத்தினாள். மாசானத்தைக் கூப்பிட்டாள். கீழே இருந்த கோணிக் கட்டுகள் அத்தனையையும் விழுங்கிவிட்டன.

"தொறடி. யாருடி அது? தொற."

பதிலுக்கு அந்தக் குரல் பாடியது. அவளுக்குச் சொல்லிக் கொடுப்பது போல அல்ல. அவளை அடிப்பது போல. லா. தீ. டோ. ரே. மீ. பா. ஸே. லா. ஒவ்வொரு எழுத்தும் ஓர் அறை. இவ்வளவு ஆத்திரத்தை எல்சி தன் வாயில்கூடக் கேட்டதில்லை.

எல்சியும் திருப்பிப் பாடினாள். ஆத்திரத்துக்கு ஆத்திரம். ஃபாவில் நின்றாள். குரல் சீறியது. "பா." மறுபடி முதலிலிருந்து. ஏழாவது படியில் சறுக்கினாள். "ஸே." மறுபடி முதலிலிருந்து.

நாலு இருபத்தைந்து.

தொண்டை எரிந்தது. மறுபடி... லா, தீ, டோ...

நாலு நாற்பது. அந்தக் குரலும் கம்ம ஆரம்பித்தது. தண்ணீர் கிடைக்காதவள் பாடுவது போல. எழுத்துக்கு எழுத்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது.

ஆனால் விடவில்லை.

நாலு ஐம்பத்தைந்து. குரல் கீழே இறங்கியிருந்தது. எல்சியின் காதருகே இல்லை. இடுப்பளவில் இருந்தது. அப்புறம் முழங்காலளவில்.

அப்புறம் தரையில்.

கதவடியில்.

தரையோடு தரையாகப் படுத்து, கதவுக்கும் தரைக்கும் இடையிலுள்ள சந்தில் வாயை வைத்துப் பாடுவது போல...

ஐந்து பன்னிரண்டு.

எல்சி கண்ணை மூடினாள். லா... தீ... டோ... ரே... மீ...

பா...

ஸே...

லா.

சறுக்கவில்லை.

நிசப்தம்.

டக்.

கதவு தானாகத் திறந்தது.

படியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. மாசானம் முக்காலியில் இல்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம், கிடங்குக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார்.

புதன்கிழமைப் பரீட்சைக்கு எல்லோருமாகக் கூடித்தான் மாடி ஏறினார்கள். கூட்டம் இருந்ததாலோ என்னவோ, அந்தக் குரல் வரவில்லை. ஆலிஸ் சுத்தமாகப் பாடினாள். எல்சி வாயைத் திறந்தாள். அவளுக்கே அது தன் குரலாகத் தெரியவில்லை. கத்தியால் கோடு கிழித்த மாதிரி ஏறி நின்றது. லியோனார்டின் கையிலிருந்த இசைக்கவை அப்படியே நின்றுவிட்டது. அவன் எல்சியைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தான். ஆறாவது படியைத் தூக்கிப் பா என்று பாடுகிற முறை ஒன்று உண்டு என்றான்; லண்டன் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் மட்டும் படிப்பது. இந்தக் குழுவில் யாருக்கும் தான் அதைச் சொல்லித் தரவில்லை என்றான்.

"இதை உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"வந்துச்சில்ல? அப்பால இன்னா கேள்வி?"

அப்படிப் பாடினால் இறங்கும்போது வேறு மாதிரி இறங்க வேண்டும், ஸோ, ஃபா என்று சாதாரணப் படிகளில், அதையும் பாடுங்கள் என்றான். எல்சிக்கு அது தெரியவில்லை. அந்தக் குரல் ஒரு தடவைகூட இறங்கிக் காட்டவில்லை. பரவாயில்லை, ஏறினால் போதும் என்று விட்டுவிட்டான். ஆலிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைப் புலம்பல் எல்சிக்கே என்றாயிற்று.

ஜெயித்துவிட்டாள். அப்படித்தான் நினைத்தாள்.

பெரிய வெள்ளி. கோவிலில் நிற்க இடமில்லை. மூன்று மணிக்கு மரக்கட்டை மூன்று முறை தட்டியது. ஏணி வைத்துச் சுரூபத்தின் கையிலிருந்து முதல் ஆணியைப் பிடுங்கினார்கள். லியோனார்ட் தலையசைத்தான். எல்சி மனசுக்குள் லூயிஸைக் கூப்பிட்டாள். புலம்பலைத் தொடங்கினாள்.

முதல் வரியின் கடைசியில் குரல் சறுக்க வேண்டிய இடம். ஆறு வருஷமாக அங்கேதான் அவளுக்கு உடையும். அங்கேதான் அவன் வருவான்.

"ஸே."

யாருக்கும் கேட்கவில்லை. அவளுக்கு மட்டும், கழுத்துக்குப் பின்னால், வறண்ட தொண்டையிலிருந்து. அவள் குரல் அடிவாங்கியது போல நிமிர்ந்து, படியில் போய்ச் சரியாக நின்றது.

அடுத்த வரி. மறுபடி சறுக்கப் பார்த்தாள். "ஸே." அதற்கடுத்த வரி. "பா... ஸே." இருபத்துநாலு வரிகள். ஒரு வரியில்கூட அது விடவில்லை. சுரூபம் இறங்கியது, வெள்ளைத் துணியில் கிடத்தினார்கள், பாட்டு முடிந்தது. ஒரு பிசிறு இல்லை. கோவிலில் ஒருவர் கண்ணிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்சியின் கண்ணும் காய்ந்து கிடந்தது.

வெளியே வந்ததும் லியோனார்ட் ஓடி வந்தான். இப்படி ஒரு சுத்தமான மைனரைத் தான் கேட்டதே இல்லை என்றான். எல்சி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடந்தாள். பதில் சொன்னால் கை நீண்டுவிடும் என்று பயந்தாள்.

வருஷத்தில் ஒரே நாள். அதையும் பிடுங்கியாயிற்று. பிடுங்கினது லியோனார்ட் அல்ல, ஆலிஸ் அல்ல. அதோ அந்த மாடியில் இருக்கிற ஒருத்தி. அவளுக்கும் எனக்கும் என்ன பகை? என் புருஷனை நான் அழுதால் அவளுக்கு எங்கே வலிக்கிறது?

சனிக்கிழமை காலை அல்லேலூயா பாடிக் கோவில் மணிகள் மறுபடி அடித்தன. ஊர் முழுக்கச் சந்தோஷம். மாலை நாலு மணிக்கு எல்சி கிடங்கு வாசலில் நின்றாள். மாசானம் எழுந்து குறுக்கே கையை நீட்டினார். போகாதே என்றார். அந்தக் கையைத் தட்டிவிட்டு ஏறினாள்.

நாலு பத்து. என்ஜின் ஊதியது. கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

எல்சி அசையவில்லை. அறை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மூடு. எத்தினி நேரம் மூடி வெக்கிறியோ வெச்சுக்கோ. இது உன் பாட்டு இல்ல. என் வூட்டுக்காரன் பாட்டு. நான் எப்டி அழுவணும்னு நீ எனுக்குச் சொல்லாத."

பாடினாள். குப்பத்துக் குரலில். இழுத்து, உடைந்து. முதல் வரியின் கடைசி வந்தது. வேண்டுமென்றே சறுக்கினாள். லாவிலிருந்து ஸோவுக்கு. ஸோவிலிருந்து ஃபாவுக்கு...

காத்திருந்தாள்.

"ஸே" வரவில்லை.

ஒரு மூச்சு மட்டும் கேட்டது. கதவடியிலிருந்து. நடுங்கிய மூச்சு.

இரண்டாவது வரி. சறுக்கினாள்.

அந்தக் குரலும் சறுக்கியது.

லா... ஸோ... ஃபா... மீ...

கூடவே.

அவளோடு சேர்ந்து, படிப்படியாக... இறங்கியது.

ரே... டோ... தீ... லா.

எல்சிக்கு உடைந்தது. ஆறு வருஷத்து லூயிஸும் உடைந்து வந்தான். தரையில் நெற்றியை வைத்து அழுதாள். அறையில் அழுதது அவள் மட்டும் அல்ல. அது அவளுக்குத் தெரியும். தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கதவு திறந்தபோது மணி ஐந்து ஐந்து.

மாசானம் இந்த முறை தெருவுக்கு ஓடவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். பீடி அணைந்து விரலிடுக்கில் கிடந்தது.

"ஒம்பது வருசமா ஏறுததத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன், தாயி. இறங்கி இன்னைக்குத்தான் கேட்டேன்."

எல்சி அவர் எதிரில் நின்றாள். சொல்லு என்றாள். அவர் சொன்னார்.

நாற்பத்திரண்டாம் வருஷம், ஏப்ரல் மாதம். அப்போது அந்த மாடியில் ஒரு வாத்தியார் லண்டன் பரீட்சைக்குப் பாட்டு கிளாஸ் நடத்தினார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஸ்கேல் வராத பெண்ணை உள்ளே விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவார். படியில் நின்று கேட்பார். சரியாக வந்ததும் "கரெக்ட்" என்று சொல்லித் திறந்து விடுவார். ரோஸ்மேரி என்று ஒரு பெண். பதினேழு வயது. தகப்பன் கப்பலில் சமையல்காரன், தாய் இல்லை, சித்தி வீட்டில் வளர்ந்தது. அன்று நாலு மணிக்கு அவளை உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்ட கொஞ்ச நேரத்தில் சேதி வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான், பட்டணத்தைக் காலி பண்ணு என்று. தெருவெல்லாம் ஓட்டம். வாத்தியாருக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரம். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது மாசானத்திடம் ஒரு வார்த்தை சொன்னார். சரியாகப் பாடினதும் திறந்து விடு.

மாசானம் போய்ப் படியில் உட்கார்ந்தார். அப்போது மணி நாலு பத்து. உள்ளே பாட்டு கேட்டது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். முதலாளியின் லாரி வாசலுக்கு வந்தது. உடனே ஏறு, இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்று சத்தம் போட்டார்கள். ஏறிவிட்டார். வாத்தியார் எப்படியும் திரும்பி வந்து பார்ப்பார் என்று இவர் நினைத்தார். மாசானம் திறந்திருப்பான் என்று வாத்தியார் நினைத்தார். வாத்தியாரோடு ரயிலேறிப் போயிருப்பாள் என்று சித்தி வீட்டார் நினைத்தார்கள்.

இருபத்தோரு நாள் கழித்துத்தான் கிடங்கைத் திறந்தார்கள். கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. தள்ளினால் திறக்கவில்லை. அந்தப் பெண் கதவை ஒட்டித் தரையில் கிடந்தாள். சேதி வெளியே போகாமல் பார்த்துக்கொண்டார்கள். காசிமேட்டில் பெயர் எழுதாமல் ஒரு குழி.

வெளியே கூட்ஸ் வண்டி ஒன்று முழுசாகக் கடந்து போயிற்று. கடைசிப் பெட்டியும் போன பிறகு எல்சி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அர மணி நேரம் படிலதான குந்திகினு இருந்தே? அவ பாடுனது சரியா, தப்பா?"

மாசானம் தலையைத் தூக்கவில்லை.

"மொதத் தடவையே சரியாத்தான் பாடிச்சு, தாயி. எனக்கே தெரிஞ்சுது. ஆனா சரின்னு சொல்லுததுக்கு நான் யாரு?"